சிட்டக்கல்லும் செங்கல்லும்: ஒரு தோட்டக் கோயில் குழி பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலைக்குத் தெற்கே உள்ள ஒரு தோட்டப் பட்டணத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. கோயிலின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இதில் நானும் ஓர் ஆள். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரலாறு படிப்பேன், அகழாய்வுப் பயிற்சி கிடையாது. அன்றன்றைக்கு நோட்டில் குறித்ததை வைத்தே இதை எழுதுகிறேன். எங்கள் தவறுகளையும் மறைக்கவில்லை, என் தவறு உட்பட.

பின்னணி

அந்தத் தோட்டம் முன்பு பால்மரக் காடு, அதாவது ரப்பர். பிறகு செம்பனைக்கு மாறியது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள், சனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, குடிபோனார்கள். காட்டுக்குள் மிஞ்சியது முனீஸ்வரர் கோயில் ஒன்றுதான். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். கோயிலுக்கு கிராண்ட், அதாவது நிலப்பட்டா, இல்லை. மேனேஜர்கள் மாறி மாறி வந்தாலும், "இருந்துட்டுப் போகட்டும்" என்ற வாய்ச்சொல்லில்தான் கோயில் நின்றது. இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்த வாக்குவாதம் புரியாது.

இன்னொரு பின்னணியும் உண்டு. கெடாதான் பழைய கடாரம். "தொடுகடற் காவற் கடுமுரட் கடாரமும்" என்று ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் வரி எங்கள் வட்டாரத்தில் பேச்சுப் போட்டிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றித் தெரியாத கோயில் தலைவர் இங்கே இல்லை. மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய செங்கல் வந்தால் போதும், அது சோழன் கட்டிய கோயில் என்று முடிவாகிவிடும்.

எங்கள் வட்டாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் முதலில் தேடியவர்களுக்கும் இதே ஆசை இருந்தது. 1830களிலும் 40களிலும் ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி இந்தப் பக்கம் சுற்றி, இடிந்த கோயில்களின் தடயங்களைப் பற்றி எழுதினார். 1936-37ல் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிச் வேல்ஸும் மனைவி டோரதியும் வந்து முப்பது இடங்களைத் தோண்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். சண்டி என்பது இங்கே பழைய கோயில் இடிபாடு; இன்றைக்கும் பல சண்டிகளை அந்த எண்ணால்தான் குறிப்பிடுகிறோம். இந்தியப் பண்பாடு அலை அலையாக வந்து இறங்கியது என்பது வேல்ஸின் கருத்து. அதற்குச் சான்றாகக் கோயில் அடித்தளங்களைத் தேடினார், கண்டார். இரும்பு உருக்கிய பட்டறைகள் பெரிய அளவில் வெளியே வந்தது 2009க்குப் பிறகு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இதே பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் தோண்டியபோதுதான்.

முதல் நாள்

ஆடித் திருவிழாவுக்கு முன் கோயிலுக்குப் பின்புறம் கழிப்பறை கட்டத் தீர்மானம். செப்டிக் டேங்குக்குக் குழி வெட்ட ஒரு சின்ன மண்வாரி இயந்திரம் வந்தது. ஓட்டியவர் எங்கள் ஊர்ப் பையன்தான். இடுப்பளவு ஆழத்தில் வாளி எதிலோ உரசியது. இறங்கிப் பார்த்தால் தட்டையான செங்கற்கள், இரண்டு வரிசை. பக்கத்தில் கருகிய மண், உடைந்த மண்குழாய்கள், கறுப்பாகக் கனமான கட்டிகள்.

பையன் இயந்திரத்தை நிறுத்தினான். இந்த நிகழ்விலேயே நல்ல காரியம் அதுதான், ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல் அது நீடிக்கவில்லை. தலைவர் வந்தார், பூசாரி வந்தார், வாட்சப்பில் படம் போனது. சாயங்காலத்துக்குள் ஐம்பது அறுபது பேர். செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி குங்குமம் வைத்து, முனீஸ்வரர் பீடத்துக்கு முன் அடுக்கிவிட்டார்கள். சூடம் காட்டினார்கள். வந்தவர்களில் சிலர் ஆளுக்கொன்று வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள்.

மண்குழாய்த் துண்டுகளைப் பிள்ளைகள் வைத்து விளையாடினார்கள். கறுப்புக் கட்டிகளையும் கரி மண்ணையும் யாரும் தொடவில்லை. மண்வாரி அவற்றை அள்ளி, மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்த கோயில் பாதையில் கொட்டிச் சமப்படுத்தியது.

இரண்டாம் நாள்: நான் கண்டது

எனக்குச் செய்தி வந்தது மறுநாள் காலை. தலைவர் போன் செய்து, "சார், ராஜேந்திர சோழன் கோயிலு கெடச்சிருக்கு, வந்து எழுதுங்க" என்றார். நானும் ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போனேன்.

குழியில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. தளம் முழுக்கக் கிளறிக் கிடந்தது. செங்கல் எந்த வரிசையில், எந்தத் திசையில் இருந்தது என்று நான்கு பேரைக் கேட்டேன், நான்கு பதில் வந்தது. ஒருவர் சதுரம் என்றார், ஒருவர் படிக்கட்டு என்றார். தோண்டிய பையன் மட்டும், "எனக்குத் தெரியல சார், இடது பக்கம் கொஞ்சம் நேரா இருந்துச்சு" என்றான். அவன் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

குழியின் கிழக்குச் சுவர் மட்டும் தப்பியிருந்தது. அந்தப் பக்கம் மின்கம்பம் நின்றதால் வாளியை நெருக்க முடியவில்லை. ஏணி போட்டு இறங்கி அதன் முன்னால் உட்கார்ந்தேன். மேலே ஒரு முழத்துக்குச் செம்பனை வேர் பின்னிய மண். அதன் கீழ் மஞ்சள் மண், பாத்திரம் தேய்க்கும் சாம்பல் போல மிருதுவாக. அதற்கும் கீழே, கத்தியால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புப் பட்டை, என் உள்ளங்கை அகலம். அந்தப் பட்டைக்குள் கறுப்புக் கட்டிகளும் மண்குழாய்களும் செருகிக் கிடந்தன. குழாயின் துளையில் என் கட்டைவிரல் சரியாக நுழைந்தது. ஒரு முனை வெறும் சுட்ட மண். மறுமுனை உருகி வழிந்து, பச்சையும் கறுப்புமாகக் கண்ணாடி பூசியதுபோல் பளபளத்தது.

சுங்கை பத்துவில் இதைப் பார்த்திருக்கிறேன். துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டுபோகும் ஊதுகுழாய் அது. நெருப்பை நோக்கியிருந்த முனைதான் உருகும். கறுப்புக் கட்டி, இரும்பை உருக்கும்போது வடியும் கழிவு. சிட்டம்.

பட்டையை நாடா வைத்து அளந்து படம் எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். குழாய்த் துண்டு மூன்றை எடுத்து, நாளிதழில் சுற்றி, கார் பூட்டில் வைத்துக்கொண்டேன். "பத்திரமா இருக்கட்டும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தின நாள் எடுத்துப் போனவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பாட்டி சொன்னது

அன்று மத்தியானம், கோயிலில் பூ கட்டும் பாட்டி ஒருவர் வந்து குழியை எட்டிப் பார்த்தார். அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் பாலெடுக்க ரப்பர் மரம் சீவியவர். "இது சிட்டக்கல்லுல்ல? இதுக்கா இத்தன கூட்டம்?" என்றார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது ஆற்றோரக் காட்டில் இந்தக் கல் குவியலாகக் கிடக்குமாம். தண்டல் (கங்காணி) சொல்லி, கூடை கூடையாக அள்ளி வந்து லயத்துக்குப் போகும் பாதையில் கொட்டியிருக்கிறார்கள். செங்கல்லைக் கொண்டுவந்து அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஹரப்பா நினைவுக்கு வந்தது. 1850களில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை போட்டவர்கள் ஹரப்பா மேட்டுச் செங்கற்களைத் தண்டவாளத்துக்கு அடியில் போட்டார்கள். ஏறக்குறைய 100 மைல் பாதைக்கு அந்த மேடு ஜல்லி கொடுத்ததாக இந்தியத் தொல்லியல் துறையின் கன்னிங்ஹாம் பின்னால் எழுதினார். அவரே அங்கே முத்திரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டும், அது எவ்வளவு பழையது என்று கண்டுகொள்ளவில்லை. சிந்து நாகரிகம் என்று ஒன்று இருந்ததாக அதே துறையின் தலைவர் மார்ஷல் அறிவித்தது 1924ல்.

பாட்டி காட்டிய மூன்று இடங்களையும் நோட்டில் படமாக வரைந்துகொண்டேன்.

கூட்டமும் முடிவுகளும்

மூன்றாம் நாள் இரவு கமிட்டிக் கூட்டம். இரண்டு மணி நேரம் நடந்தது, அதில் ஒன்றரை மணி நேரம் ஒரே கேள்வி: அரசாங்கத்துக்குச் சொல்வதா வேண்டாமா?

பயம் நியாயமானது. பொருளாளர் வெளிப்படையாகவே கேட்டார். "நம்மகிட்ட கிராண்ட் இல்ல. ஆபீசர் வந்தா, முதல்ல நிலம் யாருதுன்னுதான் கேப்பாங்க. கோயில எடுன்னு சொல்லிட்டா நீங்க வந்து நிப்பீங்களா சார்?" என்னிடம் பதில் இல்லை. தோட்டக் கோயில்கள் இடம்பெயர்ந்த கதைகள் அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

இளைஞர்கள் வேறு யோசனை வைத்திருந்தார்கள். குழியைத் தாங்களே அகலமாக வெட்டி, சோழர் கோயிலை முழுசாக வெளியே கொண்டுவந்துவிட்டால் இந்த இடத்தில் யாரும் கை வைக்க முடியாது என்றார்கள். இது எனக்கு முதல் யோசனையைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது. அவர்களுக்கு ஷ்லீமன் என்ற ஜெர்மானியரின் கதையைச் சொன்னேன். ஹோமர் பாடிய டிராயைத் தேடி 1871ல் தொடங்கி ஹிசார்லிக் மேட்டின் நடுவே பெரிய பள்ளம் வெட்டினார். அடியில் கிடைத்த தங்கத்தை, ஹோமர் கதையில் வரும் டிராய் அரசன் பிரியத்தின் புதையல் என்று உலகத்துக்குச் சொன்னார். அது பிரியம் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. அவர் தேடிய காலத்து மண் மேலடுக்குகளில் இருந்தது. அதில் பெரும்பகுதியை வாரி எறிந்த பிறகுதான் அடிக்குப் போயிருந்தார்.

ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "நம்ம ரோட்டுல கொட்டுன மாதிரி" என்றான். பிறகு யாரும் பெரிய பள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை.

தலைவர் கேட்டது வேறு. "சொல்லிட்டா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்கல்ல?" இதற்கு உண்மையான பதில் இரண்டு பக்கமும் உண்டு. லோ 1834ல் பினாங்கின் செபராங் பிறையில் கண்ட புத்தகுப்தன் கல்வெட்டு, கடல் கடந்து வாணிகம் செய்த ஒரு மாநாவிகன் பெயரைச் சொல்லும் கல். அது இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அதே லோ 1845ல் எழுதிவைத்த செரோக் தோக்குன் கல்வெட்டு, புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்தில் பாறையோடு பாறையாக அங்கேயே நிற்கிறது. ஜூலைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். பூஜாங்கிலும் அப்படித்தான். 1959-60ல் அலஸ்டர் லேம்ப் எடுத்துக் கட்டிய புக்கிட் பத்து பஹாட் சண்டி தன் இடத்திலேயே இருக்கிறது. பெண்டியாட் சண்டி பெயர்க்கப்பட்டு மெர்போக் அருங்காட்சியக வளாகத்துக்கு வந்தது. 2013ல் 11ஆம் எண் சண்டி இவை இரண்டுமில்லாமல், நிலத்தைத் திருத்தும் வேலையில் இடிந்தே போனது. அது முறையாக அரசிதழில் பதிவாகாத இடம்.

இந்தக் கடைசிச் செய்திதான் கூட்டத்தைத் திருப்பியது. பதிவு இல்லாதது கோயில் நிலத்துக்கு மட்டும் ஆபத்து என்று நினைத்திருந்தோம். சண்டிக்கும் அதே ஆபத்துத்தான். 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, இப்படிப் பொருள் கண்டவர் உடனே பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவித்தாக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

முடிவானவை: குழியில் வேலை நிறுத்தம். மேலே கன்வாஸ் போட்டு, சுற்றி வாய்க்கால் வெட்டுவது. எடுத்துப் போனவற்றைத் திரும்பக் கேட்பது. முதலில் தோட்ட மேனேஜரிடம் நேரில் சொல்லி, அவர் கையெழுத்தோடு மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுப்பது. கடைசி முடிவு பொருளாளருடையது. நிலத்துக்காரரை விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு அவரே எதிராளி ஆவார் என்றார். ரொம்பச் சரியான யோசனை.

தாமதம்

கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. நல்ல மலாயில், படங்களோடு, அளவுகளோடு ஒழுங்காக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஐந்து நாள் ஆனது. நான்காம் நாள் இரவு அடித்த மழையில் வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் குழிக்குள் இறங்கி, கிழக்குச் சுவரில் பாதி சரிந்தது. ஒரு போன் செய்து, கடிதத்தைப் பிறகு கொடுத்திருக்கலாம். அந்தச் சுவரின் பாதி என் மலாய் இலக்கணத்துக்குப் பலியானது என்றுதான் சொல்ல வேண்டும்.

மேனேஜர் ஒரு வார்த்தையும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். இதற்கா அவ்வளவு பயந்தோம்.

வந்தவர்கள் பார்த்தது

அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். பீடத்தில் அடுக்கியிருந்த செங்கற்களை மரியாதையாகப் பார்த்துவிட்டு நேரே குழிக்குப் போனார்கள். மிஞ்சிய அரைச் சுவர் முன்னால் அன்று முழுக்க இருந்தார்கள்.

எங்களுக்கு அவர்கள் விளக்கியது இது. சுவருக்குள் இருந்த குழாய்களின் உருகிய முனைகள் ஒன்று கிழக்கே, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கலைந்து கிடந்தன. உலையில் பொருத்திய நிலையில் இருந்தால் எல்லாம் உலையைப் பார்த்திருக்கும். ஆகவே இது உலை இல்லை, உலையிலிருந்து கழித்த பொருளைக் கொட்டிய குப்பைமேடு. உலை பக்கத்தில் எங்கேயோ இருக்க வேண்டும். என் கார் பூட்டில் இருந்த மூன்று குழாய்களால் இதைச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தன என்பதை நானும் எழுதவில்லை.

காலக் கணிப்புக்கும் இதே கதைதான். கரியை வைத்துக் கார்பன் முறையில் பார்க்கலாம், ஆனால் எந்த அடுக்கின் கரி என்று தெரிய வேண்டும். பாதையில் கொட்டிய கரியில் மாதிரி எடுக்கவே இல்லை. மண் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று அளக்கும் முறையும் உண்டாம். அதற்கு வெயில் படாத மண் வேண்டும். எங்கள் குழித் தளம் ஒரு வாரமாக வெயிலில் கிடந்தது. கடைசியில் சுவரின் உட்பக்கத்தில் குழாய் இறக்கி மண்ணும், பட்டையிலிருந்து சிட்டிகைக் கரியும் எடுத்தார்கள்.

செங்கற்களைப் பற்றி அவர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டு வரிசை என்பது தளமாக இருக்கலாம், சுவராக இருக்கலாம், பின்னால் யாரோ பெயர்த்து வந்து போட்டதாகவும் இருக்கலாம். "பார்த்தவர் யார்?" என்று கேட்டார்கள். நான் "இடது பக்கம் கொஞ்சம் நேராக இருந்தது" என்ற வரியைக் காட்டினேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

பாட்டி சொன்ன மூன்று இடங்களுக்கும் அவரையே கூட்டிப் போனோம். ஆற்றோரத்தில் இரண்டாவது இடத்தில், செம்பனை நிரைகளுக்கு நடுவே தரையெல்லாம் சிட்டம்.

முடிந்த விதம்

சோழர் கோயில் கிடைக்கவில்லை. கொஞ்சம் பேருக்கு வருத்தம். "இரும்புக் கழிவுக்கா திருவிழாவுக்கு முன்னால இவ்வளவு பாடு?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். எத்தனையோ காலத்துக்கு முன்னால் இந்த மண்ணில் வியர்வை சிந்திய கூலியாட்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அரசனைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது. அவரிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

குழியில் மணல் நிரப்பி மூடினார்கள். இடம் பதிவானது. செப்டிக் டேங்க் கோயிலின் மறுபக்கம், பழைய கோழிக்கொட்டகை இருந்த இடத்துக்குப் போனது. திருவிழாவுக்குள் கழிப்பறை முடியவில்லை. வாடகைக்கு எடுத்துச் சமாளித்தோம். கோயில் நிலத்தைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை. கிராண்டும் கிடைக்கவில்லை, அது தனி வழக்கு.

வீடுகளுக்குப் போனவை என்று எங்கள் கணக்கில் 61 துண்டுகள். 43 திரும்பின, என்னுடைய மூன்றும் சேர்த்து. ஒரே ஒரு செங்கல்லைத் தர பூசாரி மறுத்துவிட்டார். பூசை கண்டதை எடுக்கக்கூடாது என்றார். அளந்து, படம் எடுத்து, எண் போட்டு அவரிடமே விட்டார்கள்.

மறுபடி நேர்ந்தால் மாற்றிக்கொள்வது

பார்த்தவுடன் போன், கடிதம் பிறகு. கூட்டம் சேர்வதற்கு முன் கயிறு கட்டுவது. எதையும் எடுப்பதற்கு முன், பக்கத்தில் அளவுகோல் வைத்து நான்கு திசையிலிருந்தும் படம், அதில் வடக்கு எது என்ற குறி. எடுத்த பொருளைக் கழுவக் கூடாது. வெட்டாத சுவரைச் சாய்வாகப் பலகை வைத்து மழைக்கு மூடுவது. கன்வாஸ் மட்டும் போதாது. வாரிய மண்ணைப் பாதையில் கொட்டாமல் குழிக்குப் பக்கத்திலேயே குவிப்பது. முதியவர்களை முதல் நாளே கேட்பது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை, ஒரு மணி நேரப் பொறுமை போதும். அதுதான் அன்றைக்கு எங்களிடம் இல்லை.

பூசையைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை. கும்பிட வந்தவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன். கயிற்றுக்கு வெளியே நின்று சூடம் காட்டச் சொல்லலாம் என்று பூசாரி பின்னால் சொன்னார். முதல் நாளே அவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாரோ என்னவோ.

மண்வாரி ஓட்டும் பையன் போன வருடம் பட்டணத்தில் வேறொரு வேலையிலிருந்து போன் செய்தான். "சார், செங்கல்லு வருது. கைய வைக்கல. வாங்க." போனேன். அரைமணி நேரம் குழிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். பழைய லயத்துக் குளியலறையின் அடித்தளம். ஒரு செங்கல்லில் ஆலை முத்திரைகூட இருந்தது. அவன் ஏற்கெனவே தன் ஸ்பேனரைப் பக்கத்தில் வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தான். வடக்குப் பக்கத்தை மட்டும் தப்பாகக் குறித்திருந்தான்.